சைக்கிளில் வேலைக்கு: ஷிப்ட் பார்க்கும் ஒருத்தியின் கைக்குறிப்பு

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு வாரம் விடியற்காலை ஷிப்ட், அடுத்த வாரம் மதியம் போய் இரவு திரும்பும் ஷிப்ட். வீட்டிலிருந்து வேலையிடம் 7 கிலோமீட்டர். பல வருடங்களாக சைக்கிளில்தான் போய் வருகிறேன். கூட வேலை பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, "அவ்வளவு தூரம் மிதிக்கத் தெம்பு இருக்கா?" என்பதுதான். தெம்பு இதில் கடைசியாக வருவது. சீட்டின் உயரம், போகும் வேகம், தேர்ந்தெடுத்த பாதை, முந்தின ராத்திரியே எடுத்து வைத்த பை, இந்த நான்கும் சரியாக இருந்தால் சாதாரண உடம்பே போதும்.

உடற்பயிற்சிக்காக சைக்கிள் ஓட்டுவது வேறு, வேலைக்குப் போவது வேறு. பயிற்சி செய்கிறவர் களைத்துப்போய் வீடு திரும்பலாம், குளித்துவிட்டுப் படுக்கலாம். வேலைக்குப் போகிறவர் இறங்கிய கையோடு ஊசி பிடிக்க வேண்டும், கணக்கு எழுத வேண்டும், ஆட்கள் முன்னால் நிற்க வேண்டும். கை நடுங்கக் கூடாது, சட்டை நனைந்திருக்கக் கூடாது, மனசு படபடக்கக் கூடாது. கீழே நான் சொல்லப்போகும் எல்லாம் இந்த ஒரு கணக்கை வைத்துத்தான்.

எந்த சைக்கிள்

வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் அதையே எடுங்கள். புதிது வாங்கிய பிறகு தொடங்கலாம் என்று தள்ளிப்போட்டால் அது தள்ளிக்கொண்டேதான் போகும். பழையதில் ஒன்றிரண்டு மாதம் போய் வாருங்கள். என்ன தேவை, என்ன தேவையில்லை என்பது உங்கள் முதுகுக்கும் முழங்காலுக்கும் தெரிந்துவிடும்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் நான் பார்க்கச் சொல்வது: பின்னால் கேரியர், இரண்டு சக்கரத்துக்கும் முழு நீள மட்கார்டு, செயின் கவர், ஸ்டாண்டு, பெல். மட்கார்டு இல்லாத சைக்கிளில் ஈரச் சாலையில் கொஞ்ச தூரம் போனாலே முதுகு நெடுகச் சேற்றுக் கோடு விழும். செயின் கவர் இல்லாவிட்டால் கால்சட்டை ஓரமெல்லாம் கறுப்புப் பிசுக்கு. முன் ஃபோர்க்கில் ஷாக் அப்சார்பர் வைத்த சைக்கிள் பார்க்க உறுதியாகத் தெரியும். ஆனால் தார்ச் சாலையில் அது எடையைக் கூட்டும், எழுந்து நின்று மிதிக்கும்போது நம் பலத்தில் கொஞ்சத்தையும் தின்றுவிடும். அந்தக் காசில் 35 முதல் 45 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள நல்ல டயர் போட்டுக்கொள்ளுங்கள். சின்னக் குழிகளின் அடியைத் தாங்க அதிலுள்ள காற்றே போதும்.

டயர் வாங்கும்போது வெறுமனே "28 அங்குலம்" என்று கேட்காதீர்கள். அந்தப் பெயரில் 622 மில்லிமீட்டர் ரிம்முக்கான டயரும் இருக்கிறது, பழைய பாணி சைக்கிள்களின் 635 மில்லிமீட்டர் ரிம்முக்கான டயரும் இருக்கிறது. ஒன்று மற்றதில் உட்காராது. டயரின் பக்கவாட்டில் 37-622 என்பதுபோல அச்சிட்டிருப்பார்கள். முதல் எண் அகலம். இரண்டாவது, டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். அகலம் கொஞ்சம் முன்பின் இருக்கலாம், இரண்டாவது எண் அப்படியே பொருந்த வேண்டும். அதைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் கடையில் குழப்பம் வராது.

பாதை சமதளம், தூரமும் குறைவு என்றால் கியர் இல்லாத சைக்கிளே போதும், பழுதும் குறைவு. வழியில் மேம்பாலமோ மேடோ இருந்தால் கியர் வேண்டும். பின்சக்கரத்தின் நடுவே மூடிய உருளைக்குள் இருக்கும் கியரை நின்றுகொண்டிருக்கும்போதும் மாற்றலாம். வெளியே பல பல்சக்கரங்கள் தெரியும் வகை அப்படியல்ல, மிதித்துக்கொண்டிருந்தால்தான் மாறும். அதனால் சிக்னலுக்கு முன்னாலேயே இலகுவான கியருக்கு இறங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பச்சை விழுந்ததும் நாற்சந்தி நடுவில் முழங்காலைக் கொடுத்து அழுத்திக்கொண்டிருப்போம்.

சீட்டின் உயரம்

சைக்கிள் ஓட்டினால் முழங்கால் வலிக்கிறது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் பார்ப்பது சீட்டைத்தான். பெரும்பாலும் அது தாழ்ந்திருக்கும். உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் படவேண்டும் என்று இறக்கி வைத்திருப்பார்கள். அப்படி வைத்தால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கும், அதன் முன்பக்கத்தில் வலி வரும்.

சரியான உயரம் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் நேராக உட்காருங்கள். ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுபோய், அதன்மேல் குதிகாலை வையுங்கள். இடுப்பு ஒரு பக்கம் சாயாமல் கால் நேராக நீள வேண்டும். அதுதான் உயரம். ஓட்டும்போது குதிகாலால் மிதிக்க மாட்டோம், விரல்களுக்குப் பின்னாலுள்ள அகன்ற பகுதியால்தான் மிதிப்போம். அப்போது முழங்காலில் தானாகவே ஒரு சின்ன மடிப்பு வந்துவிடும். மிதிக்கும்போது இடுப்பு இடமும் வலமும் ஆடினாலோ முழங்காலின் பின்பக்கம் இழுத்தாலோ சீட்டு உயரம் கூடுதல். தாழ்த்தி வைத்தே பழகியவர்கள் ஒரே நாளில் ஏற்ற வேண்டாம். சில நாளுக்கு ஒருமுறை ஒரு விரற்கடை ஏற்றிக்கொண்டு போங்கள். சீட்டுக் கம்பியில் ஒரு எல்லைக் கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும் அளவுக்குக் கம்பியை இழுக்கக் கூடாது, உடைந்துவிடும்.

இப்படி ஏற்றிவிட்டால் உட்கார்ந்த நிலையில் கால்விரல் நுனிதான் தரையைத் தொடும். பயம் வரும், அது இயல்பு. நிறுத்தும்போது சீட்டைவிட்டு முன்னால் நழுவி, ஒரு காலைத் தரையில் ஊன்றப் பழகுங்கள். கிளம்பும்போது ஒரு பெடலை மேலே தூக்கி வைத்து, அதை அழுத்திக்கொண்டே சீட்டில் ஏறுங்கள். காலி மைதானத்தில் ஒரு மாலை முழுவதும் இதை மட்டும் செய்து பாருங்கள். என்னைக் கேட்டால், சைக்கிளில் கற்றுக்கொள்ள வேண்டியவற்றில் பாதி இந்த ஏறுவதும் இறங்குவதும்தான். போக்குவரத்து நடுவில் தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் ஓடும்போது தடுமாறுவதில்லை, நிற்கும்போதுதான் தடுமாறுகிறார்கள்.

உள்ளங்கை மரத்துப்போனால் உடம்பின் பாரம் கையில் விழுகிறது என்று அர்த்தம். சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறதா பாருங்கள், மட்டமாக வையுங்கள். முடிந்தால் ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்துங்கள். வேலைக்குப் போகிறவர் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுவதே நல்லது. காற்று கொஞ்சம் கூடுதலாக எதிர்க்கும்தான். ஆனால் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது எளிது, மற்றவர்களுக்கும் நாம் உயரமாகத் தெரிவோம்.

பாதை

பஸ்ஸோ காரோ போகும் பாதை சைக்கிளுக்கும் நல்ல பாதை என்று நினைக்காதீர்கள். ஒரு விடுமுறை நாளில் வரைபடத்தைப் பார்த்துப் பிரதான சாலைக்கு இணையாக ஓடும் தெருக்களைத் தேடுங்கள். ஒரு கிலோமீட்டர் சுற்றாக இருந்தாலும் பரவாயில்லை; சைக்கிளுக்கு அது நான்கு நிமிஷம். நான் தூரத்தை எண்ணுவதில்லை, பெரிய சந்திப்புகளைத்தான் எண்ணுவேன். நேராகப் போகும் சாலையைவிட, வண்டிகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடம்தான் ஆபத்து. இரண்டு பெரிய சந்திப்புகளைத் தவிர்க்கிற சுற்றுப் பாதையை நான் யோசிக்காமல் எடுத்துக்கொள்வேன்.

விடுமுறையன்று ஓட்டிப் பார்த்தது போதாது. அதே பாதையை வேலை நாளில், வேலைக்குப் போகும் நேரத்தில் ஒருமுறை பார்க்க வேண்டும். பள்ளி வாசல் காலையில் வேறு இடமாகிவிடும், சந்தை கூடும் தெரு மாலையில் வேறு தெருவாகிவிடும். இரவு திரும்புகிறவர்கள் விளக்கு இல்லாத பகுதி எது, நாய்கள் கூட்டமாகப் படுத்திருக்கும் மூலை எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குப் போகும்போது ஒரு பாதை, இரவு திரும்பும்போது வேறு பாதை. பகலில் நிழலுக்காக எடுக்கும் மரத்தடித் தெருவை இரவில் நான் எடுப்பதில்லை.

சூரியனையும் கணக்கில் சேருங்கள். காலையில் கிழக்கு நோக்கியோ மாலையில் மேற்கு நோக்கியோ போகிறீர்கள் என்றால் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். உங்கள் கண் கூசுவது பெரிய விஷயமில்லை. உங்களுக்குப் பின்னால் வருகிற ஓட்டுநருக்கும் அதே சூரியன்தான் கண்ணில் அடிக்கிறது. அவருக்கு நீங்கள் தெரியாமலே போகலாம். அந்த நேரத்தில் பின்விளக்கைப் பகலிலேயே எரியவிடுங்கள். கட்டிடங்களின் நிழல் விழும் தெரு பக்கத்தில் இருந்தால் அதில் போங்கள். அரை மணி முன்பின் கிளம்ப முடிந்தால் இன்னும் நல்லது.

வேர்வை

சைக்கிளில் வருவதற்கு அலுவலகத்தில் குளியலறை இருக்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். இருந்தால் நல்லதுதான். இல்லாமலும் சமாளிக்கலாம், அதற்கு நம் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் போதும்.

தசை செலவழிக்கும் சக்தியில் கால்பங்கு, அல்லது அதைவிடக் குறைவாகத்தான் பெடலுக்குப் போகிறது. மீதி முழுவதும் சூடாக உடம்பில் தங்குகிறது. ஓடிக்கொண்டிருக்கும்வரை எதிர்க்காற்று அந்தச் சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும். நின்றதும் காற்று நின்றுவிடும், ஆனால் உடம்பு உடனே ஆறாது. வழி முழுக்க வேர்க்காமல் வந்தவருக்கு வாசலில் இறங்கிய பிறகு குபுகுபுவென்று வேர்ப்பது இதனால்தான்.

எனவே முதல் வேலை, சூட்டைக் குறைவாக உண்டாக்குவது. காற்றை எதிர்த்துப் போகத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் போகிறவர் 16-க்கு இறங்கினால் காற்றுக்காகச் செலவழிக்கும் திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். நேரத்தில் என்ன இழப்பு? 7 கிலோமீட்டருக்கு ஐந்தே கால் நிமிஷம். இந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட பிறகு நான் யாரையும் முந்துவதில்லை. பக்கத்தில் வருகிறவருடன் மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பதுதான் அளவு. பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம்.

இரண்டாவது வேலை, கடைசிப் பத்து நிமிஷத்தை ஆறுவதற்கென்று ஒதுக்குவது. கடைசி ஒரு கிலோமீட்டரில் மிதியை இன்னும் தளர்த்திவிடுங்கள். வேலையிடம் போனதும் நேராக மூடிய அறைக்குள் போகாமல் நிழலில், காற்று வரும் இடத்தில் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். சைக்கிளைப் பூட்டுவது, தண்ணீர் குடிப்பது, பையை அவிழ்ப்பது எல்லாம் அந்த ஐந்து நிமிஷத்துக்குள் அடங்கிவிடும். அதன் பிறகுதான் முகம் கழுவிச் சட்டை மாற்ற வேண்டும். முதலிலேயே மாற்றினால் புதுச் சட்டையும் நனைந்துவிடும்.

மூன்றாவது, முதுகில் பை மாட்டாதீர்கள். முதுகு நிறையப் பை ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கே வேர்வை உலர வழியே இல்லை. எவ்வளவு மெதுவாகப் போனாலும் முதுகு நனையும். பையைக் கேரியரில் ஏற்றுங்கள். கேரியரின் பக்கத்தில் கொக்கி போட்டு மாட்டும் பைகள் இருக்கின்றன. பாரம் தாழ்வாக நிற்பதால் சைக்கிள் ஆடாது. சாதாரணப் பையாக இருந்தாலும் ரப்பர் கயிறு இரண்டு போட்டுக் கட்டிவிட்டால் போதும். தொங்கும் வார் எதுவும் பின்சக்கரத்துக்குப் போகாமல் உள்ளே செருகிவிடுங்கள். மேலே போட்டிருக்கும் துணி தொங்குமானால் அதையும் முடிச்சுப்போட்டுக் கொள்ளுங்கள். செயின் இருக்கும் பக்கத்துக் கால்சட்டையைச் சுருட்டியோ பட்டை போட்டோ கட்டிவிடுங்கள்.

வெயில் கடுமையான நாளிலும் காற்றே இல்லாத புழுக்கத்திலும் இவ்வளவு செய்தும் வேர்க்கத்தான் செய்யும். வேர்வை வந்தவுடனே நாறுவதில்லை; தோலிலுள்ள பாக்டீரியா அதில் வேலை செய்த பிறகுதான் நாற்றம். காலையில் குளித்துவிட்டுக் கிளம்பி, போனதும் ஈரத் துண்டால் அக்குள், கழுத்து, முதுகு துடைத்து உலர்ந்த துணி மாற்றினால் பக்கத்தில் உட்காருகிறவருக்கு எதுவும் தெரியாது. ஒரு செட் துணியும் ஒரு ஜோடிச் செருப்பும் ஒரு துண்டும் வேலையிடத்தின் அலமாரியிலேயே எனக்கு எப்போதும் இருக்கும். வாரத் தொடக்கத்தில் கொண்டுபோய் வைத்து, வார முடிவில் எடுத்து வருவேன். அன்றாடம் சுமக்கும் பாரமும் அதனால் குறைகிறது.

சாலையில்

சாலையின் ஓரத்தை ஒட்டி ஒட்டிப் போவது பாதுகாப்பு என்று தோன்றும். அங்கேதான் கண்ணாடித் துண்டும் மணலும் சாக்கடை மூடியும் கிடக்கின்றன. ஒரு குழி வந்தால் விலக இடம் இருக்காது, திடீரென்று நடுச்சாலைக்குத்தான் விலகுவோம். ஓரத்திலிருந்து முக்கால் மீட்டர், ஒரு மீட்டர் தள்ளி நேர்கோட்டில் போங்கள். நேர்கோடு முக்கியம். அடுத்து எங்கே இருப்பீர்கள் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரிந்தால் அவர் அதற்கேற்ப விலகிக்கொள்வார். நின்றிருக்கும் கார்களுக்கு இடையே கிடைக்கும் இடைவெளிகளில் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருக்காதீர்கள்.

அந்த நின்றிருக்கும் கார்களிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர், முடிந்தால் ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும். கார்க் கதவு முழுதாகத் திறந்தால் அவ்வளவு இடத்தை அடைக்கும். இப்போதுதான் விளக்கு அணைந்த கார், உள்ளே தலை தெரியும் கார், இவற்றின் பக்கத்தில் போகும்போது கை பிரேக் மேலேயே இருக்கட்டும்.

சந்திப்பில் லாரியும் பஸ்ஸும் நிற்கும்போது அவற்றுக்கும் சாலையோரத்துக்கும் நடுவே இருக்கும் சந்தில் முன்னேறிப் போகவே போகாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்வேன் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். நீளமான வண்டி திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போகாது. மூலையை ஒட்டி உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். நீங்கள் நிற்கும் அந்தச் சந்து நொடியில் காணாமல் போகும். ஓட்டுநர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் ஒட்டி நிற்கும் சைக்கிள் அவர் கண்ணுக்கே படாது. அவருடைய கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் உங்களைத் தெரியவில்லை. பின்னாலேயே நில்லுங்கள். அந்த வண்டி போய்த் தொலையட்டும், ஒரு சிக்னல் தாமதமானால் ஆகட்டும். எங்கள் கூடத்துக்கு அவசரமாக வருகிற ரத்த மாதிரிகளில் எத்தனையோ சாலையில் அடிபட்டவர்களுடையவை. அதனால் இந்த விஷயத்தில் நான் எவரிடமும் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை.

குறுக்குத் தெருவிலிருந்து எட்டிப் பார்க்கும் காரின் ஓட்டுநர் உங்களை நேராகப் பார்ப்பதுபோல இருக்கும். பார்ப்பது வேறு, கவனிப்பது வேறு. நான் முகத்தைவிட முன்சக்கரத்தைப் பார்ப்பேன். வண்டி நகரத் தொடங்கினால் முதலில் தெரிவது சக்கரத்தின் சுழற்சிதான்.

திரும்புவதற்கு முன் பின்னால் பாருங்கள், பிறகு கையைக் காட்டுங்கள், மறுபடி பாருங்கள், அப்புறம் திரும்புங்கள். கழுத்தைத் திருப்பினால் சைக்கிளும் அதே பக்கம் வளையும். நேர்க்கோட்டில் போய்க்கொண்டே பின்னால் பார்க்க மைதானத்தில் பழகிக்கொள்ளுங்கள். காதில் இயர்போன் வேண்டாம். பின்னால் வருவது என்ன வண்டி, எவ்வளவு வேகம் என்பதைப் பாதி காதுதான் சொல்கிறது.

பிரேக் விஷயத்தில் ஒரு பயம் எல்லோருக்கும் இருக்கிறது: முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம் என்று. அதனால் பின் பிரேக்கை மட்டுமே பிடிக்கிறார்கள். ஆனால் வேகம் குறையும்போது உடம்பின் பாரம் முன்சக்கரத்துக்குப் போகிறது, பின்சக்கரம் இலேசாகிவிடுகிறது. இலேசான சக்கரத்தை இறுக்கினால் அது வழுக்கிக்கொண்டு போகுமே தவிர சைக்கிள் சீக்கிரம் நிற்காது. இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்துங்கள். இடுப்பைப் பின்னால் தள்ளிக் கையை விறைப்பாக வையுங்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு ஐந்தரை மீட்டர். ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போவதற்கு ஒரு நொடி ஆகும்; அதையும் சேர்த்தால் உலர்ந்த சாலையில் நிற்கக் கிட்டத்தட்ட 9 மீட்டர் வேண்டும்.

மழையில் இது போதாது. ரிம்மில் பிடிக்கும் பிரேக் கட்டை முதலில் தண்ணீரைத் துடைத்த பிறகுதான் பிடிக்கும். சந்திப்பு வருவதற்கு முன்பே இலேசாகப் பிடித்துப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொண்டே போங்கள். சாலையில் பெயிண்ட் அடித்த கோடு, இரும்பு மூடி, உதிர்ந்த இலை, தண்டவாளம் எல்லாம் ஈரத்தில் வழுக்கும். அவற்றின் மேல் திரும்பவோ பிரேக் போடவோ கூடாது. தண்டவாளத்தைச் செங்குத்தாகத்தான் கடக்க வேண்டும், சாய்வாகப் போனால் சக்கரம் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். தேங்கிய தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இறங்காதீர்கள். இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் யாருடைய மரியாதையும் குறையாது.

தலைக்கவசம் நெற்றியை மூட வேண்டும், புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி இருந்தால் போதும். பின்னால் தள்ளிப் போட்டால் அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. வார்கள் காதுக்குக் கீழே சேரட்டும். ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் நுரை ஒரு அடியைத் தாங்கி நசுங்குவதற்கென்றே செய்யப்பட்டது.

இரவில்

1968-இல் வியன்னாவில் கையெழுத்தான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை சைக்கிளுக்கென்று சிலவற்றைக் கேட்கிறது: சரியான பிரேக், கேட்கும்படியான பெல், பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான், முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள் விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. என் அனுபவத்திலும் இதற்குக் கீழே இறங்கக் கூடாது. முன்விளக்கைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள். நேராக வைத்தால் எதிரே வருகிறவர் கண் கூசும், உங்களுக்கும் சாலையின் குழி தெரியாது. பின்விளக்கைப் பையோ சட்டையின் ஓரமோ மறைக்கிறதா என்று கிளம்பும் முன் பின்னால் போய் நின்று பாருங்கள். கேரியரில் பை கட்டுகிறவர்கள் விளக்கைச் சீட்டுக் கம்பியில் மாட்டினால் பை மறைத்துவிடும். கேரியரின் பின்நுனியில் மாட்டுங்கள்.

பளீரென்ற மஞ்சள், ஆரஞ்சு மேலங்கி பகலில் நன்றாகத் தெரியும். அந்த நிறங்கள் பளிச்சிடுவது சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிரால். இரவில் காரின் விளக்குக்கு அவை சாதாரண வெளிர்த் துணிதான். இரவுக்கு வேண்டியது வந்த வெளிச்சத்தை வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும் பட்டை. அதைக் கணுக்காலில் கட்டுங்கள். மிதிக்கும்போது மேலும் கீழும் அசையும் அந்தப் பட்டையைத் தூரத்திலிருந்து பார்க்கிறவர், அது சைக்கிள் என்று உடனே புரிந்துகொள்வார்.

நாய் துரத்தினால் வேகமெடுக்காதீர்கள், துரத்துவது அதற்கு இன்னும் உற்சாகமாகிவிடும். வேகம் குறைத்து, தேவைப்பட்டால் இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவே வைத்து நடங்கள். பெரும்பாலும் சில அடியில் விட்டுவிடும்.

வாரத்தில் ஒருநாள் கவனிப்பு

விடுப்பு நாளில் கால் மணி நேரம். முதலில் காற்று. டயரின் பக்கவாட்டில் எவ்வளவு அழுத்தம் என்று அச்சிட்டிருக்கும், அந்த எல்லைக்குள் அடியுங்கள். பஞ்சர் இல்லாவிட்டாலும் டியூபிலிருந்து காற்று மெல்லக் கசியும். காற்று குறைந்த டயர் மிதியைக் கனமாக்கும், குழியில் இறங்கும்போது ரிம்முக்கும் தரைக்கும் நடுவே டியூப் நசுங்கிப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். பஞ்சர் பார்க்கும்போது அப்படி ஜோடி ஓட்டை தெரிந்தால் முள்ளைத் தேட வேண்டாம், காரணம் காற்றுக்குறைவுதான். ஒற்றை ஓட்டை என்றால் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவி முள்ளை எடுத்த பிறகே டியூபைத் திரும்பப் போடுங்கள். ஒட்டும் பசையைத் தடவியதும் ஒட்டுத் துண்டை வைக்கக் கூடாது. தொட்டால் கையில் ஒட்டாத அளவு உலர்ந்த பிறகு வைத்து அழுத்த வேண்டும். சிறிய பம்பு, டயர் கழற்றும் லீவர், மாற்று டியூப் மூன்றும் சீட்டுக்கடியில் ஒரு சின்னப் பையில் இருக்கட்டும். வழியில் டியூபை மாற்றிவிட்டுப் போய், ஒட்டுப் போடும் வேலையை வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து பிரேக். கட்டையில் இருக்கும் பள்ளக் கோடுகள் தேய்ந்து மறைந்திருந்தால் மாற்றும் காலம். கட்டை ரிம்மில் படவேண்டும், டயரில் உரசக் கூடாது. பிறகு செயின். பழைய துணியால் துடைத்துவிட்டு ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுச் சுற்றி, கொஞ்ச நேரம் கழித்து வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் கண்ணிக்கு உள்ளேதான் வேண்டும். வெளியே நிற்பது புழுதியைப் பிடித்து அரைக்கும் மாவாகிவிடும். சில மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். புதுச் செயினில் ஓர் ஊசியிலிருந்து 24 ஊசி தள்ளி எண்ணினால் சரியாக 12 அங்குலம். அது ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்குவரை விட்டுவிட்டால் பல்சக்கரமும் சேர்ந்து தேய்ந்திருக்கும், செலவு கூடும்.

பெடலை நீங்களே கழற்றுவதாக இருந்தால் இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும் என்பது தெரிந்திருக்கட்டும். சக்கரத்தில் பெண்டு எடுப்பதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள், அது கை பழகியவர்கள் செய்யும் வேலை.

பூட்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சக்கரத்தை மட்டும் பூட்டினால் தூக்கிக்கொண்டு போவார்கள். அசையாத கம்பியோடு சட்டத்தையும் பின்சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டுங்கள், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில்.

எப்படித் தொடங்குவது

முதல் வாரத்தில் இரண்டு நாள் போதும், அவை அடுத்தடுத்த நாளாக இல்லாமல் இருக்கட்டும். உட்காரும் இடம் வலிக்கும். இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும். மெத்தை போன்ற சீட்டு வாங்கி அதைச் சரிசெய்ய நினைக்க வேண்டாம், அது புதைந்து இன்னும் அழுத்தும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. போக 15 நிமிஷம், வர 15 நிமிஷம், ஐந்து நாள் என்றால் 150 வந்துவிடுகிறது. நாலு கிலோமீட்டர் தூரத்தில் வேலை இருப்பவருக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டிய அவசியமே இல்லை.

எல்லாவற்றையும் முந்தின ராத்திரியே செய்து முடியுங்கள். விளக்கு சார்ஜில், துணி பையில், தண்ணீர் நிரப்பிய பாட்டில் வாசலில், டயரை ஒருமுறை கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாயிற்று. காலையில் தேட வேண்டியிருந்தால் அவசரம் வரும், அவசரமாகக் கிளம்பினால் அந்தப் பதற்றம் சாலையிலும் கூடவே வரும். வேலை தொடங்கும் நேரத்துக்கு இருபது நிமிஷம் முன்னால் போய்ச் சேரும்படி கிளம்புங்கள். பஞ்சர் ஒட்ட அந்த நேரம் போதாது, ஆனால் டியூப் மாற்றப் போதும்.

சில நாள் சைக்கிளை எடுக்கக் கூடாது. காய்ச்சல் நாளில், இடி மின்னலில், வழியில் வெள்ளம் ஏறியிருக்கும்போது வேண்டாம். இரட்டை ஷிப்ட் முடித்துக் கண் சொக்கும்போதும் வேண்டாம். அப்படி ஒரு இரவு வந்தால் நான் சைக்கிளை வேலையிடத்திலேயே பூட்டிவிட்டு பஸ்ஸில் போய், மறுநாள் பஸ்ஸில் வந்து அதை எடுத்துக்கொள்வேன்.